மிதித்துப் பெறும் மின்சாரம்: நோயாளர் இருக்கும் வீட்டில் அதன் பயன் எவ்வளவு?

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், நுரையீரல் புறநோயாளர் பிரிவுக்கு ஓர் இளைஞர் ஒரு வினாவோடு வந்தார். அவருடைய தந்தை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் பாதிக்கப்பட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடு வாழ்பவர். அவர்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ளது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. அப்போது தந்தையின் நோய் இவ்வளவு முற்றியிருக்கவில்லை. இனி அப்படியொரு புயல் வந்தால் என்ன செய்வது என்ற கவலை மகனை உறங்கவிடவில்லை. மிதிவண்டியை ஒரு தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தோடு மின்னாக்கியை இணைத்து, மிதித்தே வீட்டுச் சாதனங்களை ஓட்டும் காணொளி ஒன்றை அவர் பார்த்திருந்தார். “நானும் தம்பியும் முறை போட்டுக்கொண்டு மிதிக்கிறோம். அப்பாவின் இயந்திரம் ஓடுமா, சார்?” என்பதே அவர் கேட்டது.

ஓடாது என்பதுதான் எங்கள் விடை. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு அவரை அனுப்பிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த வினாவை வேறு வேறு வடிவங்களில் பலரும் எங்களிடம் கேட்கிறார்கள். ஆகவே அன்று அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் மனிதனின் கால்களுக்கு உள்ள ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உடல்நலமுள்ள, ஆனால் விளையாட்டுப் பயிற்சி இல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் மிதித்தால் ஏறக்குறைய 75 வாட் அளவிலான ஆற்றலைத் தர இயலும். சங்கிலி, பற்சக்கரம், மின்னாக்கி, மின்கலம் என்று அது கடந்து செல்லும் ஒவ்வொரு இடத்திலும் சிறிது வீணாகும். இறுதியில் நம் கைக்கு வருவது 50 வாட் என்று கொள்ளலாம். அப்படி ஒரு மணி நேரம் மிதித்தால் 50 வாட்-மணி கிடைக்கும். மின்கட்டண அட்டையில் நாம் காணும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆக, ஒரு யூனிட் மின்சாரம் பெற இருபது மணி நேரம் மிதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அந்த 100 யூனிட்டை மிதித்து ஈட்ட வேண்டுமானால் 2000 மணி நேரம் ஆகும். இரண்டு மாதங்களில் இருப்பதோ 1440 மணி நேரம்தான். இரவு பகல் பாராமல், உண்ணாமல் உறங்காமல் ஒருவர் மிதித்துக்கொண்டே இருந்தாலும் அரசு இலவசமாகத் தரும் மின்சாரத்தை அவரால் ஈடுசெய்ய இயலாது. இந்தக் கணக்கைச் சொன்னபோது அந்த இளைஞர் சிரித்துவிட்டார். அன்று அவர் முகத்தில் நாங்கள் கண்ட முதல் சிரிப்பு அது.

பயிற்சி பெற்ற விளையாட்டு வீரரானால் கதை மாறாதா என்று கேட்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டெமன், தூண் போன்ற தொடைகளுக்குப் பெயர் பெற்றவர். 2015இல் வெளியான ஒரு காணொளியில் அவர் 700 வாட் ரொட்டி வாட்டும் கருவியை மிதித்தே இயக்கினார். ஒரே ஒரு ரொட்டித் துண்டு பொன்னிறமானது. அதற்குள் அவர் களைத்துத் தரையில் சாய்ந்துவிட்டார். அவர் ஆக்கிய மின்சாரம் மொத்தம் 21 வாட்-மணி. வெப்பம் உண்டாக்கும் எந்தச் சாதனத்துக்கும், அது தேய்ப்புப்பெட்டியோ வெந்நீர்க் கலனோ மின்னடுப்போ எதுவாயினும், கால்கள் ஈடுகொடா.

இப்போது நோயாளரின் அறைக்கு வருவோம். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 300 முதல் 350 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ஆறேழு பேர் வரிசையாக அமர்ந்து ஒரே நேரத்தில் மிதித்தால்தான் அது ஓடும். அவர்கள் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மூச்சுமருந்துப் புகையளிக்கும் நெபுலைசர் கருவிகளில் பல 100 வாட்டுக்கும் மேல் கேட்பவை. மிக்சி 500 வாட்டுக்குக் குறையாது. சாதாரணக் கூரை மின்விசிறிக்கே 70, 80 வாட் வேண்டும்.

வாட்டைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. மிதிப்பவரின் வேகம் கூடும், குறையும். மின்னழுத்தமும் அதோடு ஏறி இறங்கும். மருத்துவக் கருவிகளின் மின்சுற்றுகள் இதைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. பட்டறையில் செய்த மின்னாக்கியை நோயாளரின் கருவியோடு நேரடியாக இணைக்க வேண்டா என்று கண்டிப்பாகவே சொல்கிறோம். வீட்டின் சுவர் இணைப்பில் அதைச் செருகுவது அதனினும் கேடானது. கம்பத்தில் ஏறிப் பழுது நீக்கும் மின்வாரியத் தொழிலாளர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் அதைத் தொடுகிறார்.

இவ்வளவும் படித்தவர்கள், மிதித்துப் பெறும் ஆற்றல் வெறும் விளையாட்டு என்று முடிவுகட்டிவிட வேண்டா. மருத்துவ வரலாற்றில் அது உயிர் காத்த காலம் ஒன்று உண்டு.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பரப்பு மிகப் பெரியது. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே கால்நடைப் பண்ணைகளில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்த வீடே பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. மருத்துவரோ இன்னும் தொலைவில். ஜான் ஃபிளின் என்ற சமயப் பணியாளர், வானூர்தியில் மருத்துவரை அனுப்பும் திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் கிளான்கரி என்ற ஊரிலிருந்து அந்தப் பணி தொடங்கியது. ஆனால் ஒரு குறை எஞ்சியது. வானூர்தி உண்டு, மருத்துவர் உண்டு. நோயுற்றவர் அவரை அழைப்பது எப்படி? தொலைபேசிக் கம்பி இல்லை, மின்சாரமும் இல்லை. அன்றைய மின்கலங்களோ கனமானவை, விலையுயர்ந்தவை.

அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் இதற்கு வழி தேடினார். முதலில் கையால் சுழற்றும் மின்னாக்கியைச் செய்து பார்த்தார். ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையால் செய்தி தட்டுவது கடினமாக இருந்தது. கையும் விரைவில் ஓய்ந்தது. அதன்பின் அவர் மேசைக்கடியில் மிதிவண்டியின் பெடல்களைப் பொருத்தினார். கால்கள் மிதிக்க, கைகள் விடுபட்டன. அந்த மின்னாக்கி தந்தது சுமார் 20 வாட் மட்டுமே. ஆனால் வானொலிச் செய்தி அனுப்ப 20 வாட் போதுமானதாக இருந்தது. 1929இல் முதல் பெடல் வானொலி ஒரு பண்ணை வீட்டில் நிறுவப்பட்டது. மோர்ஸ் குறிகளைப் பயில இடர்ப்பட்ட பண்ணை மக்களுக்காக, தட்டச்சுப் பொறி போன்ற விசைப்பலகை ஒன்றையும் டிரேகர் பின்னர் இணைத்தார். எழுத்தைத் தட்டினால் இயந்திரமே மோர்ஸ் குறியாக அனுப்பிவிடும். சில ஆண்டுகளில் குரலிலேயே பேசும் வசதியும் வந்தது. குழந்தையின் காய்ச்சலையும் பெண்ணின் பேறுகால வலியையும் கால்களால் மிதித்துக்கொண்டே மருத்துவரிடம் எடுத்துச் சொன்னார்கள். இன்றும் அந்தப் பறக்கும் மருத்துவர் சேவை நடந்துகொண்டிருக்கிறது.

டிரேகர் பெரிய வேலை எதையும் அந்தப் பெடல்களிடம் கேட்கவில்லை. 20 வாட்டில் முடியும் வேலைகளில் எது உயிருக்கு மிக நெருக்கமானது என்று பார்த்து, அதை மட்டும் கேட்டார். நம் வீடுகளுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

மின்தடை நேரத்தில் 50 வாட்-மணியைக் கொண்டு என்ன செய்யலாம்? 9 வாட் எல்.இ.டி. விளக்கை ஐந்து மணி நேரம் எரியவிடலாம். அல்லது இரண்டு கைப்பேசிகளுக்கு முழுமையாக மின்னேற்றலாம். நகராமல் படுத்திருப்பவர்களுக்குப் படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்றுப் படுக்கையின் சிறு பம்பு பெரும்பாலும் 10 வாட்டுக்கு உட்பட்டதே. சரியான மின்கலமும் இன்வெர்ட்டரும் இருந்தால் அதையும் சில மணி நேரம் ஓட்டலாம். மிதிப்பதை நேராகச் சாதனத்துக்குக் கொடுக்காமல் சிறு மின்கலத்தில் சேமித்து, அதிலிருந்து எடுப்பதே முறை.

விளக்கைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். மின்சாரம் போனவுடன் நம் வீடுகளில் கை தானாகவே மெழுகுவத்தியைத் தேடுகிறது. ஆக்சிஜன் பெறும் நோயாளரின் அறையில் அது பேராபத்து. ஆக்சிஜன் தானே எரிவதில்லை. ஆனால் அது படிந்த போர்வையும் தலையணையும் தலைமுடியும், சிறு பொறி பட்டாலும் வழக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமாகப் பற்றிக்கொள்ளும். மெழுகுவத்தி, அரிக்கேன் விளக்கு, கொசுவத்திச் சுருள், ஊதுவத்தி, பீடி என எரியும் எதுவும் ஆக்சிஜன் குழாயிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் குறைந்தது பத்தடிக்கு அப்பால் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பூசையறை விளக்குக்கும் இது பொருந்தும். கையருகே நெருப்பில்லாத விளக்கு ஒன்று இருப்பது, புயல் இரவில் மருந்துக்கு ஒப்பானது. மிதிவண்டி டைனமோவை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். டயரை உரசிக்கொண்டு சுழலும் அந்தச் சிறு குப்பி 6 வோல்ட்டில் 3 வாட் தரும். அக்காலக் குண்டு விளக்கில் அது மங்கலாகத்தான் எரிந்தது. அதே 3 வாட், இன்றைய எல்.இ.டி. விளக்கில் ஓர் அறையில் மருந்துச் சீட்டைப் படிக்கும் அளவு வெளிச்சம் தரும்.

மின்சாரமாக மாற்றாமல், கால் விசையை நேராகவே வேலைக்குப் பயன்படுத்தினால் வீணாவது குறையும். இது நமக்குப் புதிதன்று. ஏற்றம் மிதித்து நீர் இறைத்தவர்கள் நம் முன்னோர். கால்மிதித் தையல் இயந்திரம் இல்லாத தெரு ஒரு காலத்தில் இருந்ததில்லை. சாணை பிடிப்பவர் மிதிவண்டியின் சக்கரத்தாலேயே சாணைக்கல்லைச் சுழற்றித் தெருத்தெருவாகப் பிழைத்தார். மருத்துவத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. சளியை உறிஞ்சி எடுக்கும் கருவியில் காலால் அழுத்தி இயக்கும் வகை இருக்கிறது; அதற்கு மின்சாரமே தேவையில்லை. தொண்டையில் குழாய் பொருத்தப்பட்டு வீடு திரும்பும் நோயாளரின் குடும்பத்தார், மின்கருவியோடு இதையும் ஒன்று வாங்கி வைத்து, பயன்படுத்தக் கற்றுக்கொண்டு செல்ல வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த ரெம்யா ஜோஸ் பள்ளி மாணவியாக இருந்தபோது, அவருடைய தாய் நோயில் படுத்தார். தந்தையும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். வீட்டுத் துணிகளைத் துவைக்கும் வேலை பெண் பிள்ளைகளின் மேல் விழுந்தது. பள்ளிக்கோ நெடுந்தொலைவு பேருந்தில் போய்வர வேண்டும். அவர் ஒரு துவைக்கும் இயந்திரத்தை வரைந்தார். தந்தை அதைப் பட்டறையில் கொடுத்துச் செய்வித்தார். ஒரு பெட்டிக்குள் கம்பிவலையாலான உருளை. உருளையோடு சங்கிலியால் இணைந்த மிதிவண்டிப் பெடல்கள். துணியைச் சோப்பு நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, சில நிமிடங்கள் மிதித்தால் அழுக்கு நீங்கும். தேசியப் புத்தாக்க நிறுவனம் அவருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. நோயாளரைப் பராமரிக்கும் வீட்டில் நாள்தோறும் எத்தனை படுக்கை விரிப்புகளை அலச வேண்டியிருக்கும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இயந்திரம் வந்த கதையைப் படித்தபோது எங்களுக்கு அதன் பொறியியலைவிட அந்தத் துணிக்குவியலே கண்முன் நின்றது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மிதிக்கப் போவது யார்? காணொளிகளில் மிதிப்பவர் எப்போதும் இளைஞராகவே இருக்கிறார். எங்கள் காத்திருப்பு அறையில் நாங்கள் காணும் பராமரிப்பாளர், பெரும்பாலும் ஐம்பது கடந்த ஒரு மனைவியோ, விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு வந்திருக்கும் ஒரு மகளோ மருமகளோதான். அவருக்கே சர்க்கரை நோய் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையை நோயாளருக்குக் கொடுக்கும் அவசரத்தில் தமக்கு விழுங்க மறந்திருக்கிறார். ஒரு மணி நேர மிதிப்புக்கு உடல் ஏறக்குறைய 300 கலோரி செலவிடும். ஐந்தாறு இட்லியின் ஆற்றல் அது. நள்ளிரவில் உறக்கமின்றி, வயிறு காய்ந்து அவர் மிதிக்கத்தான் வேண்டுமென்றால், அந்த வீட்டில் இன்னொரு நோயாளர் உருவாகிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

நோயாளர் மிதிப்பது பற்றியும் ஒரு சொல். மிதிப்பது நல்ல உடற்பயிற்சிதான். இதய மறுவாழ்வுப் பயிற்சியிலும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியிலும் நிலைமிதிவண்டிக்கு இடம் உண்டு. இரத்தச் சுத்திகரிப்பு நடக்கும்போதே படுக்கையில் இருந்தபடி, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மிதிக்கும் பயிற்சியும் சில மையங்களில் அளிக்கப்படுகிறது. ஆனால் அங்கே நாங்கள் வைக்கும் சுமை சிறிது. மிதிவண்டியில் செய்யும் இதயச் சோதனையே வழக்கமாக 25 வாட்டில் தொடங்கி, படிப்படியாகத்தான் ஏற்றப்படுகிறது. நெஞ்சுவலி அடங்காதவர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர், காய்ச்சல் உள்ளவர், ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பவர் மருத்துவரைக் கேளாமல் பெடலில் கால் வைக்கக் கூடாது. மற்றவர்களும் மிதிக்கும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொற்கள் மூச்சில் உடைந்தால் சுமை மிகுதி என்று அறியலாம். பயிற்சியையும் மின்சாரம் ஆக்குவதையும் ஒன்றாக்க வேண்டா. விளக்கு அணைந்துவிடுமே என்ற எண்ணம் வந்துவிட்டால், நிறுத்த வேண்டிய நேரத்தில் யாரும் நிறுத்தமாட்டார்கள்.

அப்படியானால் ஆக்சிஜன் செறிவூட்டிக்கு என்னதான் வழி? அந்த இளைஞருக்கு நாங்கள் சொன்னது இதுதான். நடுத்தர அளவான பி வகை ஆக்சிஜன் சிலிண்டர், முழுதாக நிரம்பியிருக்கையில் சுமார் 1500 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 2 லிட்டர் பெறுபவருக்கு அது பன்னிரண்டு மணி நேரம் வரை வரும். மழைக்காலத்துக்கு முன்பே ஒன்றோ இரண்டோ நிரப்பி, அளவியும் திறவுகோலும் சரியாக இருக்கின்றனவா என்று திறந்து பார்த்து, சாயாதபடி சுவரோடு கட்டி வைக்க வேண்டும். வீட்டில் 150 ஆம்பியர்-மணி மின்கலத்தோடு சைன் அலை இன்வெர்ட்டர் இருந்தால், மின்கலம் நல்ல நிலையில் இருக்கும்வரை செறிவூட்டியை ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டும். ஒப்பிட்டுப் பார்க்க: அந்த ஒரு மின்கலத்தை மிதித்து நிரப்ப நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்ட வேண்டா. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமுமில்லை. புயல் எச்சரிக்கை வந்தால், காற்று வீசத் தொடங்குமுன்பே நோயாளரை மின்வசதி உறுதியான இடத்துக்கு, தேவையானால் மருத்துவமனைக்கே, அழைத்து வந்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. சாலையில் மரம் விழுந்தபின் ஆம்புலன்ஸ் வர இயலாது.

கார்த்திகையில் அவர் மறுபடி வந்தார். இரண்டு சிலிண்டர்கள் நிரப்பி வைத்தாயிற்று என்றார். தம்பி மட்டும் மிதிவண்டித் திட்டத்தைக் கைவிடவில்லையாம். பழைய டைனமோ ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு சிறு மின்கலத்தோடும் எல்.இ.டி. விளக்கோடும் இணைத்துக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறான். சென்ற வாரம் இரவு மின்சாரம் போனபோது, தந்தை ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் அமர்ந்தபடி அந்த வெளிச்சத்தில் செய்தித்தாள் படித்தாராம். தாமும் சிறிது மிதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார், மிதிக்கலாமா என்று மகன் கேட்டார். உட்கார்ந்த நிலையில், விளக்கு இணைப்பைக் கழற்றிவிட்டு, உடலியக்க மருத்துவர் சொல்லும் நேரத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள், அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் வில்லையில் வாட் அளவு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அடுத்த முறை வரும்போது அதைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். உங்கள் வீட்டு மின்கலம் அதை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுத் தருகிறோம்.